எஞ்சின் குளிர்காயட்டும்

இன்று காலை ஐந்தே முக்கால் மணிக்கு, மார்கழி கழிந்து தை பிறந்தும் பனி மாத்திரம் கழியாத எங்கள் வட்டக்கச்சி வீட்டு முற்றத்தில், என் சொந்தப் பணத்தில் வாங்கிய, என் பெயரில் பதிவாகியிருக்கிற, என் வேப்பமரத்தின் கீழ் நிற்கிற என் மோட்டார் வண்டியின் எஞ்சினை என்னைக் கேளாமலே என் மருமகப்பிள்ளை நிறுத்திவிட்டார் என்னும் விருத்தாந்தத்தை வாசகர்கள் முன் சமர்ப்பிக்கும் இவ்வேளையில், பன்னிரண்டு மணி நேரம் சென்ற பிற்பாடும் என் கை நடுங்குகிறது. அது குளிரினால் அன்று.

நடந்தது இவ்வளவே. வழமைபோல் எழுந்து, வழமைபோல் வண்டியை ஸ்ராட் செய்து, அது தன்பாட்டில் உறுமிக் குளிர்காயட்டும் என்று விட்டுவிட்டு, வேப்பங்குச்சியும் வாயுமாகக் கிணற்றடிக்குப் போனேன். முற்றத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பல் துலக்குவதிலும், ஆற அமரத் தேநீர் குடிப்பதிலும், முதல்நாட் பத்திரிகையை இரண்டாந்தரம் வாசிப்பதிலும் உள்ள ஆனந்தம் எத்தகையது என்று உங்களுக்கு நான் வியாக்கியானம் செய்யத் தேவையில்லை. நீங்களும் அதையே செய்கிறவர்கள்தாம். அந்த ஓசை, வீட்டுக்காரன் எழுந்துவிட்டான், அவனுக்குப் போவதற்கு ஓர் இடமும் அவசரமும் உண்டு என்று அயலட்டைக்குப் பிரசித்தம் செய்கிறது. பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிவிட்ட எனக்குக் கிளிநொச்சிச் சந்தையில் அரைக்கிலோ மீன் வாங்குவதைத் தவிர வேறு அவசரம் எதுவுமில்லை என்பது அயலட்டைக்குத் தெரியாத சங்கதியன்று. எனினும் ஓசைக்கு ஒரு மரியாதை உண்டு. வாய் கொப்புளித்துக்கொண்டிருக்கையில் அந்த ஓசை நின்றுவிட்டது. ஓடும் எஞ்சின் தானாக நிற்குமானால் முதலில் ஓர் இருமல் வரும், பிறகு ஒரு குலுக்கம் வரும், அதன் பிறகே பிராணன் போகும். இதுவோ குரல்வளையைப் பிடித்தாற்போல் நின்றது. ஓடிவந்து பார்த்தால், கம்பளிச் சட்டையும் அரைக் காற்சட்டையுமாக, திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை நிற்கிறார்.

"மாமா, ஏன் உதைச் சும்மா எரிய விடுறீங்கள்?" என்றார்.

ஸ்காபரோவிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்திருப்பவர், நல்ல பிள்ளை, என் மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறவர். ஆதலால் வாயிலிருந்த தண்ணீரோடு வரவிருந்த வார்த்தைகளையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, "தம்பி, குளிரல்லோ, எஞ்சின் சூடாகட்டும் எண்டு விட்டனான்," என்றேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். "இருபத்திரண்டு பாகை, மாமா," என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அதன் பிறகு ஓர் உபந்நியாசம் நடந்தது. இக்காலத்து எஞ்சின்களில் காபறேற்றர் என்பதே கிடையாதாம். எரிபொருளை அளந்து பீச்சுவதற்கு ஒரு கணினி இருக்கிறதாம். அது குளிரையும் சூட்டையும் தானே மோந்து பார்த்து வேண்டிய அளவைக் கொடுத்துவிடுமாம். வண்டி செய்கிறவர்களே முப்பது விநாடி போதும், பிறகு மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள், நின்ற இடத்தில் உறுமுவதைவிட ஓடும் எஞ்சினே சீக்கிரம் சூடாகும் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். ரொறன்ரோ நகரசபை 1996ஆம் ஆண்டிலேயே, நின்ற வண்டியின் எஞ்சினை மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிடலாகாது என்று சட்டம் இயற்றி, 2010இல் அந்த மூன்றையும் ஒன்றாகக் குறைத்துவிட்டதாம். ஜெர்மனியில் அநாவசியமாக எஞ்சினை ஓடவிட்டால் தண்டமே உண்டாம். தண்ணீர் கல்லாகிப்போகும் தேசங்களில் ஒரு நிமிடம். தாமரை பூத்துக் கிடக்கும் எங்கள் ஊரில் எனக்கு மாத்திரம் ஆறு நிமிடம்! இது எந்தச் சாஸ்திரம் என்று அவர் கேட்டார்.

அப்போது என் மகள் தேநீரோடு வந்து, நான் எதிர்பாராத திசையிலிருந்து எனக்கு அனுகூலமாக ஒரு சாட்சியம் அளித்தாள். "அப்பா, இவர் அங்கை தை மாசத்திலை கட்டிலிலை கிடந்துகொண்டே ரிமோட்டாலை ஸ்ராட் பண்ணுறவர். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கீழை இறங்குவார்." மாப்பிள்ளையின் முகம் சற்று வாடிற்று. "அது மைனஸ் இருபது, மாமா," என்றார்.

குளிர் என்பது பாகையில் இல்லை என்று நான் வாதித்தேன். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் எங்கள் கடற்பக்கமாகக் கடந்துபோனபோது அடித்த குளிர்காற்றில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாடுகளும் ஆடுகளும் பட்டிபட்டியாக விறைத்து மடிந்ததை நாங்கள் கண்ணாரக் கண்டோம். கனடாக்காரர் அன்றைய பாகையைக் கேட்டால் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரிந்திருப்பார்கள். பழகாத உடம்புக்குப் பனியும் யமன். மாட்டைக் கொன்ற குளிர் எஞ்சினை ஒன்றும் செய்யாதா என்று கேட்டேன். "மாடு சீவன், மாமா," என்றார் அவர். இதற்கு என்னிடம் பதில் இருந்தது; ஆனால் அவர் அதற்குள் கணக்கில் இறங்கிவிட்டார். சிறிய எஞ்சின் சும்மா நின்று ஓடினாலும் மணிக்கு அரை லீற்றர் எரிக்கும். ஆறு நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர். வருஷத்துக்குப் பதினெட்டு லீற்றர்.

எஞ்சினைச் சூடேற்றுவதற்கு நியாயமான காரணங்கள் மூன்று உண்டு. அவற்றை ஒழுங்காகச் சொல்லி இக்கட்டுரையை முடித்துவிடுவதாகவே எண்ணி உட்கார்ந்தேன். ஆனால் 50 மில்லிலீற்றர் என்று அவர் சொன்ன அந்த அளவு என் மனத்தில் ஒரு பழைய புட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அப்புட்டியைப் பற்றிச் சொல்லாமல் முதற் காரணத்தைச் சொல்ல முடியாது.

1990இல் யுத்தம் மறுபடி மூண்டதும், வடக்குக்கு வரலாகாது என்று தடுக்கப்பட்ட வஸ்துக்களுள் பெற்றோலும் ஒன்றாயிற்று. அன்றைக்கு நவீனமாயிருந்த ஜப்பானிய வண்டிகள் கொட்டிலில் ஏறிக் கோழிகளுக்கு அடைகாக்கும் இடமாக, பாட்டன்மார் காலத்து மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு மறுஜன்மம் எடுத்தன. அவற்றின் சிலிண்டருக்குள் இறுக்கம் குறைவு. ஆகவே பழைய தலைமுறை மனிதரைப்போல் எதைக் கொடுத்தாலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சகித்துக்கொள்ளும். எனக்கு வாய்த்தது ஓர் ஒஸ்ரின் ஏ 40. சீதனத்தோடு வந்தது. வண்டியை ஒப்படைக்கையில் என் மாமனார் எனக்குச் செய்த உபதேசம் ஒன்றே ஒன்று: "தம்பி, எஞ்சின் சூடேறாமல் கியரிலை கை வையாதையும்." அவர் சொன்னார், நான் தலையாட்டினேன். அந்நாளில் மருமகன்மார் அப்படித்தான் இருந்தார்கள். மாமனாரின் வண்டித் திறப்பைத் தொட்டதில்லை.

மண்ணெண்ணெயின் குணம் அறிந்தவர்களுக்கு மாமனாரின் வாக்கு வேதவாக்கு. பெற்றோல் உறைபனியிலும் ஆவியாகி உடனே தீப்பற்றும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 40 பாகைக்கு மேலே போனாலன்றித் தீயைத் திரும்பியும் பாராது. ஆகையால் குளிர்ந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெயைக் காட்டினால் அது கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையைப்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதலில் பெற்றோலில் ஓடச்செய்து, உடம்பு சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசமாட்டேன். சீமையில் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு ஜாதி இப்படியே பெற்றோலில் எழும்பி மலிவான எண்ணெயில் உழுதது. ஆனால் அவர்களுக்கு அதற்கென்று தனித் தாங்கி இருந்தது. எங்களுக்கு இருந்தது இருமல் மருந்துப் புட்டி.

50 மில்லிலீற்றர் கொள்ளும் கண்ணாடிப் புட்டி அது. எலி உருட்டாத, பிள்ளை எட்டாத, குப்பி விளக்கு நெருங்காத இடம் எங்கள் வீட்டில் சுவாமித் தட்டு ஒன்றுதான் என்பதால், பிள்ளையார் படத்துக்கும் விபூதி மடலுக்கும் இடையில் அது வாசம் செய்தது. காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது என் மனைவி எதைப் பார்த்துக் கும்பிட்டாள் என்று நான் விசாரித்ததில்லை. கும்பிட்ட கையோடு புட்டியை எடுத்துக்கொண்டு அவள் முற்றத்துக்கு வருவாள். பொனற்றைத் திறந்து, காபறேற்றரின் வாயில், ஆஸ்பத்திரியில் வீசிய சேலைன் குழாயின் ஒரு துண்டினால் துளி விடுவாள். நான் முன்னால் நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்றுவேன். பெருவிரலை மடக்கிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கையில் கை முறிந்துவிடும். மடக்காமல் பிடித்தால் கைபிடி வழுக்கி முகவாய்க்கட்டையைப் பதம் பார்க்கும். இவ்விரண்டு விபத்துக்களுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய மார்க்கத்தில் நான் எத்தனையோ வருஷம் சஞ்சரித்தேன். ஒரு துளி, ஒரு சுற்று, ஓர் இருமல். இன்னொரு துளி, இன்னொரு சுற்று, வெள்ளைப் புகை. "காணுமோ?" என்பாள் அவள். "இன்னும் ஒண்டு," என்பேன் நான். "நேற்றும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்," என்பாள். மூன்றாம் துளியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் அன்றைய தினம் சுபதினம். ஐந்தாகிவிட்டால் மத்தியானம்வரை வீட்டில் பேச்சுவார்த்தை இராது. பிடித்துக்கொண்ட எஞ்சினைக் கைக்குழந்தையைப்போல் பாவித்து, மண்ணெண்ணெய்க் குழாயை மெல்லத் திறந்து, அது விக்கினால் மூடி, தேறினால் திறந்து, பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்று தாலாட்டவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டால் துளிகள் அத்தனையும் விழலுக்கு இறைத்தவை.

துளிச் சம்ரட்சணை எங்கள் சமூக வாழ்வையே மாற்றியமைத்தது. நின்ற எஞ்சின் அரைமணி நேரம் சூடு தாங்கும். அதற்குள் திரும்பி வந்தால் மண்ணெண்ணெயிலேயே எழும்பிவிடும். ஆகவே அந்நாளில் எனக்கும் என் சுற்றத்தாருக்கும் இடையில் நடந்த உறவுமுறைகள் யாவும் அரைமணிக்குள் நடந்தேறின. தேநீரை ஊதிக் குடித்தோம். வருத்தக்காரரின் வருத்தத்தைச் சுருக்கிக் கேட்டோம். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒருவர் எழுந்துபோய், காய்ச்சற்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் பொனற்றில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் பத்து நிமிஷம் பேசலாம்," என்பார். கூட நேரம் நிற்கவேண்டிய செத்தவீடுகளில் பொனற்றுக்குச் சாக்குப் போர்த்தினோம். போர்வை போர்த்திப் படுத்திருந்தவரையும் சாக்குப் போர்த்தி நின்ற ஒஸ்ரினையும் ஒரே மனக்கிலேசத்தோடு மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். என் தங்கை ஒருத்திக்குச் சம்பந்தம் பேசப்போன இடத்தில், காணியைப் பற்றிய பேச்சு இழுபட்டு இழுபட்டு இருபத்தைந்தாவது நிமிடத்தை எட்டியபோது நான் பதைபதைத்து எழுந்து வாசலுக்குப் போனேன். நான் கோபித்துக்கொண்டு புறப்படுவதாக எண்ணிய மாப்பிள்ளை வீட்டார், கேட்ட காணியில் இரண்டு ஏக்கரை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். என்னை இன்றைக்கும் எங்கள் பகுதியில் கெட்டிக்காரன் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததும் எஞ்சினை ஓடவிட்டபடியேதான். விக்கினேஸ்வரருக்கு எங்கள் விக்கினம் தெரியாதா?

வாசனையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மண்ணெண்ணெயோடு தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் இருந்தார்கள். அத்தகைய வண்டி கடந்துபோனால் அதன்பின்னே வடை சுடும் வாசம் பத்து நிமிடம் வீதியில் நிற்கும். காலையில் ஒன்றும் உண்ணாமல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் சன்னற்பக்கம் திரும்பி மூக்கை உயர்த்துவார்கள். நான் பாடத்தை நிறுத்திவிட்டு, வாசம் போகும்வரை காத்திருப்பேன்.

இந்தக் கதை நீளுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மல்லாவியை விட்டுவிட்டு நிறுத்தமுடியாது. 1996இல் கிளிநொச்சியை இழந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்தோம். அடுத்த மார்கழியில் ஒருநாள், கொட்டும் மழையில், நடுச்சாமம் இரண்டு மணிக்குப் பக்கத்துக் கொட்டிலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ நோக்காடு கண்டுவிட்டது. புட்டியில் இருந்தவை அடித்துளிகள். மனைவி குழாயைப் பிடிக்க, அயலவர் ஒருவர் தறப்பாளைப் பிடிக்க, நான் சுழற்றினேன். முதல் துளி நனைந்தது, இரண்டாவது இருமியது, மூன்றாவதற்குப் புட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டவேண்டியிருந்தது. அந்தத் தட்டில் எஞ்சின் பிடித்தது. அன்றைக்குப் பிறந்த பயல் இன்று எங்கள் ஒழுங்கைமுனையில் ஓட்டோ வைத்திருக்கிறான். அதிகாலை நாலரைக்கே அதை ஸ்ராட் செய்து, ஊரை எழுப்பிப் பத்து நிமிடம் உறுமவிடுகிறான். கேட்டால், "சூடாகட்டும் ஐயா," என்கிறான். அவனை நான் என்ன சொல்ல? அது அவனுக்குக் கருவிலே அமைந்த திரு.

அந்த ஒஸ்ரின் 2002இல் பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோதும் மண்ணெண்ணெய் நாற்றத்தை விடவில்லை. 2009 சித்திரையில் புதுமாத்தளன் மணலில் அதை விட்டுவிட்டு நடந்தோம். அன்றைக்குச் சூடேற்ற நேரம் இருக்கவில்லை.

இப்போதிருப்பது மீளக் குடியேறிய பின் வாங்கிய சின்னஞ்சிறிய இந்திய வண்டி. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாகி, வண்டிக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாங்கிய நாட்களில், வரிசையில் எஞ்சினை முடுக்காமல் கையால் தள்ளித் தள்ளியே முன்னேறியவர்களுள் நானும் ஒருவன். அப்படித் தள்ளி மிச்சம்பிடித்ததை மறுநாட் காலையில் வேப்பமரத்தின் கீழ் எரித்தவர்களுள்ளும் நான் ஒருவனே. ஆபத்துக்கு மண்ணெண்ணெய் இருக்கிறது என்ற என் பழைய தைரியமும், அவ்வருஷம் ஆவணியில் அது ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது போய்விட்டது. ஒரு வாரம் முழுவதும் ஒஸ்ரினை எழுப்பிய 50 மில்லிலீற்றரை இன்று ஒரு பல்விளக்குதலுக்குச் செலவிடுகிறேன் என்பது மாப்பிள்ளையின் கணக்கிலிருந்துதான் எனக்கே தெரியவந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

இரண்டாவது காரணம் எஞ்சின் எண்ணெயைப் பற்றியது. இரவு முழுவதும் அடியில் வடிந்து கிடக்கும் எண்ணெய் மேலேறி ஒவ்வோர் உறுப்பையும் நனைப்பதற்கு எடுக்கும் அவகாசம் சில விநாடிகள்தாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டபடியால், இக்காரணத்தை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். அதைவிட முக்கியமானது, காலையில் அவர் எஞ்சினை நிறுத்திய பின் நடந்தது.

"இப்ப பாருங்கோ மாமா, ஸ்ராட் பண்ணினவுடனை வெளிக்கிடலாம்," என்று சொல்லி அவர் திறப்பைத் திருப்பினார். வண்டி 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். மறுபடி 'டிக்'. நான் ஒன்றும் பேசவில்லை. வேப்பங்குச்சியை இடக்கடைவாயிலிருந்து வலக்கடைவாய்க்கு மாற்றினேன். பெரியவர்கள் சொல்லை மீறினால் எஞ்சின் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட வியாக்கியானம் வேண்டியதில்லை. தள்ளித்தான் ஆகவேண்டும் என்று தீர்மானமாயிற்று. இருதயத்தை உத்தேசித்து நான் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்தேன். கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பின்னால் நின்று, வாய்க்கால் கரை வீதியில், முட்டளவு பனிமூட்டத்துக்குள் இருநூறு யார் தள்ளினார். கனடாவில் இதைச் செய்து பழக்கமில்லையென்பது அவர் மூச்சில் தெரிந்தது. அறுவடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று, "மாஸ்ரர், மருமகன் எப்ப வந்தவர்?" என்று குசலம் விசாரித்தார்கள். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டேன், பிடித்துக்கொண்டது. அவர் வியர்வையோடு ஏறி அமர்ந்தார். கிளிநொச்சி போய்ச் சேரும்வரை எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சந்தை வாசலில், "நிப்பாட்டவேண்டாம் மாமா, ஓடட்டும்," என்று அவராகவே சொன்னார். நான் மீன் வாங்கி வரும்வரை பெற்றோல் எரிந்துகொண்டிருந்தது.

பின்னேரம் தனியே கராச்சுக்குப் போனேன். பற்றறிக்கு ஆயுள் முடிந்து ஒரு மாதமாவது இருக்கும் என்றும், சூடேற்றுவதற்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் கராச்காரப் பொடியன் சொன்னான். புதிதாக ஒன்றை வாங்கிப் பூட்டுவித்து, பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அதுவரையும் தயவுசெய்து இதை நீங்கள் யாரும் அவருடைய காதில் போட்டுவிடாதீர்கள்.